14 மாதம் கட்டிய பைபிளேன் 11 நொடியில் விழுந்தது

பால்சா மரக் கிட் ஒன்றை வாங்கி, ரேடியோ கன்ட்ரோலில் பறக்கிற இரட்டை இறக்கை விமானத்தைத் தனியாளாகக் கட்டி முடிக்க எனக்கு 14 மாதம் ஆனது. அது தரையை விட்டுக் கிளம்பி மறுபடி தரையில் வந்து மோத ஆன நேரம் 11 நொடி. பக்கத்தில் நின்றிருந்தவர் கைப்பேசியில் படம் எடுத்திருந்ததால் நொடிக் கணக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியும். அந்தப் படத்தை அன்று ராத்திரி மட்டும் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். காற்று அன்று இல்லவே இல்லை, மோட்டாரும் கடைசி வரை ஒழுங்காகத்தான் ஓடியது. வீட்டில் மேசை மேல் நான் அளக்காமல் விட்ட 4 மில்லிமீட்டரும், தப்பான இடத்திலிருந்து அளந்த 15 மில்லிமீட்டரும் சேர்ந்துதான் அதைக் கீழே தள்ளின. ஆரம்பத்திலேயே யாராவது என்னை உட்கார வைத்து இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். எனக்குச் சொல்ல ஆளில்லை. இப்போது அப்படி ஒரு கிட்டை வாங்கிப் பிரிக்காமல் வைத்திருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

நான் எடுத்தது டி ஹாவிலண்ட் டைகர் மாத். 1931-ல் முதன்முதலாகப் பறந்த பயிற்சி விமானம், 8,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எத்தனையோ விமானிகள் பறக்கப் பழகியது இதில்தான். மஞ்சள் நிறத்தில் அதன் படத்தைச் சின்ன வயதில் பார்த்ததிலிருந்தே மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கிட் ஆறில் ஒரு பங்கு அளவு. நிஜ விமானத்தின் மேல் இறக்கை 8.94 மீட்டர் என்றால் என்னுடையது சுமார் 149 சென்டிமீட்டர். அதுவரை நான் ஓட்டியிருந்ததெல்லாம் தெர்மாகோல் மாதிரி நுரையில் செய்த, மேலே ஒற்றை இறக்கை வைத்த பயிற்சி மாடல்தான், அதுவும் ஒரு வருஷம்தான். பால்சாவில் ஒன்றுமே கட்டியதில்லை. முதல் தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. இன்று யாராவது கேட்டால், முதலில் ஒற்றை இறக்கையும் சதுர உடலும் உள்ள ஒரு சாதாரண பால்சா கிட்டைக் கட்டுங்கள், அப்புறம் வால்பக்கம் சின்னச் சக்கரம் உள்ள ஒரு மாடலைத் தரையில் நேராக ஓட்டப் பழகுங்கள், அதற்குப் பிறகு பைபிளேனுக்கு வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆசை அவ்வளவு நாள் பொறுக்காது என்று தெரியும், எனக்கும் பொறுக்கவில்லை.

பெட்டியைப் பிரித்தபோது வந்த மரவாசனை இன்னும் நினைவில் இருக்கிறது. இறக்கைக்கு வளைவு தரும் ரிப் என்ற, லேசரில் வெட்டிய துண்டுகள், நீளக் குச்சிகள், கொஞ்சம் பிளைவுட், சுருட்டிய பெரிய பிளான், வளைக்காத கம்பிகள். அவ்வளவுதான். மோட்டார், ஸ்பீடு கன்ட்ரோலர், பேட்டரி, இறக்கையிலும் வாலிலும் உள்ள பலகைகளை அசைக்கும் நான்கு சர்வோ, ரிசீவர், சக்கரங்கள், கீல்கள், மேலே சூடு காட்டி ஒட்டும் ஃபிலிம், பசை, பெயின்ட் எல்லாம் தனி. இதையெல்லாம் முன்கூட்டி உட்கார்ந்து கூட்டிப் பார்க்காமல், தேவைப்படும்போது ஒன்றொன்றாக வாங்கினேன். கடைசியில் கணக்குப் போட்டபோது கிட்டுக்குக் கொடுத்ததைவிட இரண்டரை மடங்கு மேலே செலவாகியிருந்தது. அதில் கணிசமான பங்கு தவறான அளவில் வாங்கித் தூர வைத்தவை. முதலில் வாங்கிய மோட்டார் சின்னது. இந்த மாதிரி மெதுவாகப் பறக்கிற ஸ்கேல் விமானத்துக்கு ஒரு கிலோ எடைக்கு 200 முதல் 250 வாட் வரை இருந்தால் தாராளம் என்று அப்புறம்தான் தெரிந்தது. என் விமானம் முடிவில் 2.8 கிலோ வந்தது, 600 வாட் மோட்டாரும் நான்கு செல் லித்தியம் பேட்டரியும் அதற்குச் சரியாக இருந்தன. அதனால் கிட் வாங்குகிற அன்றே பறக்கும் நிலையில் மொத்த எடை என்ன வரும் என்று பாருங்கள், மற்றவற்றை அந்த எடையை வைத்து வாங்குங்கள்.

கட்டுவது என்றால் பிளானை மேசையில் விரித்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டு, குச்சிகளைக் கோட்டின் மேல் வைத்துக் குண்டூசியால் நிறுத்தி ஒட்டுவது. மேசை சமதளமாக இருக்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டியிலும் எழுதியிருக்கிறது, நானும் படித்துவிட்டுத் தலையாட்டினேன். ஆனால் ரசமட்டம் வைத்துப் பார்க்கவில்லை. நான் பயன்படுத்தியது ஒரு பழைய கதவுப் பலகை, நடுவில் மூன்று மில்லிமீட்டர் குழிந்திருந்தது. வலது கீழ் இறக்கையை ஊசியிலிருந்து எடுத்தபோது பாய் மாதிரி ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. கையால் முறுக்கி நேராக்கலாம் என்று பார்த்தேன். ஒட்டின மரம் தான் ஒட்டின வடிவத்தை விடவே விடாது. மூன்று வார உழைப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கனமான நேர்ப்பலகை ஒன்றின் மேல் ஊசி இறங்குகிற மென்பலகையை ஒட்டி, நான்கு மூலையும் நடுவும் ரசமட்டம் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

மரத்தைத் தரம் பிரிப்பது பற்றி ஒரு விஷயம். பால்சா என்றாலே லேசு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், மூன்று மில்லிமீட்டர் தடிமன் உள்ள தகடு 30 கிராமும் இருக்கும், 60 கிராமும் இருக்கும். பார்க்க இரண்டும் ஒன்றுதான். சமையலறைத் தராசு ஒன்றை மேசையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு தகட்டையும் குச்சியையும் நிறுத்து, எடையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள். கனமானதும் விறைப்பானதும் இறக்கையின் உத்தரமாக நீளவாக்கில் ஓடும் ஸ்பாருக்கு, லேசானது வாலுக்கு. ஸ்பார் குச்சிகளை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டிப் பிடித்து நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டால் எது எவ்வளவு வளைகிறது என்று தெரிந்துவிடும். ஒரே மாதிரி வளைகிற இரண்டை இடதுக்கும் வலதுக்கும் ஜோடியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாலுக்கு ஏன் லேசான மரம் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. உடையக் கூடாதே என்ற பயத்தில் வால்பகுதிக்குக் கெட்டியான மரமாகப் பார்த்துப் பொறுக்கி, மூட்டுகளில் எபாக்சியை வேறு வழிய விட்டேன். தராசுக்குக் கொண்டுபோனபோது தேவைக்கு மேல் 22 கிராம் இருந்தது. 22 கிராம்தானே என்று விட்டுவிட்டேன். விமானம் நிற்கும் எடை மையத்திலிருந்து வால் சுமார் 75 சென்டிமீட்டர் தள்ளி, மூக்கோ 25 சென்டிமீட்டர்தான். தராசுக் கோல் மாதிரிதான் இதுவும். வாலில் கூடுகிற ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைத்தாக வேண்டும். அந்த 22 கிராமுக்காக மட்டும் 66 கிராம் ஈயத்தைச் சுமந்தேன்.

பசையால் உடம்பும் கெட்டது. சீக்கிரம் ஒட்டுகிறதே என்று முதல் இரண்டு மாதம் எல்லாவற்றுக்கும் சூப்பர் குளூதான். சின்ன அறை, ஜன்னல் மூடி, இரவு பத்து மணிக்கு மேல் குனிந்து உட்கார்ந்து ஒட்டுவேன். கண் எரிச்சல், மூக்கில் நீர், காலையில் தலை பாரம். சளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஊருக்குப் போய் ஒரு வாரம் தொடாமல் இருந்தபோது எல்லாம் நின்றுவிட்டது, திரும்பி வந்து இரண்டு ரிப் ஒட்டியதுமே மறுபடி ஆரம்பித்தது. அந்தப் புகை சிலருக்குப் பழகப் பழக ஒவ்வாமையாகவே மாறிவிடும். அதன்பின் முதுகுப் பக்கமிருந்து காற்று வந்து மேசையைக் கடந்து ஜன்னல் வழியாக வெளியே போகும்படி மின்விசிறியை வைத்தேன். பெரும்பாலான மூட்டுகளுக்கு மஞ்சள் மரப்பசைக்கு மாறினேன், தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். மரப்பசை காய நேரம் எடுக்கும், ஆனால் அந்த நேரத்தில் துண்டை நகர்த்திச் சரிசெய்யலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மரத்தோடு சேர்ந்து தேயும். சூப்பர் குளூ காய்ந்தால் பால்சாவைவிடக் கெட்டி. தேய்க்கும்போது சுற்றியுள்ள மரம் இறங்கி, பசை மட்டும் வரப்பு மாதிரி நின்றுவிடும்.

இனி வருவதுதான் இதில் முக்கியமானது. பைபிளேனில் மேல் இறக்கையை உடலோடு சேர்த்துப் பிடிப்பவை முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி கம்பிக் கால்கள். கபேன் என்பார்கள். என் கிட்டில் பியானோ கம்பி என்கிற மூன்று மில்லிமீட்டர் விறைப்பான எஃகுக் கம்பியை வைஸில் பிடித்து வளைத்து, சேரும் இடங்களில் மெல்லிய செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி ஈயம் பற்றவைக்க வேண்டும். பியானோ கம்பி லேசில் வளையாது, வளைத்தபின் கொஞ்சம் திரும்பி வரும். முதல் வளைவு கொஞ்சம் தள்ளிப் போனால் அடுத்தது அதைவிடத் தள்ளிப் போகும். நான் பிளான் மேல் கம்பியை வைத்துப் பார்த்து, ஏறத்தாழப் பொருந்துகிறது என்றதும் ஈயம் வைத்துவிட்டேன். இறக்கையை ஏற்றி முன்னாலிருந்து பார்த்தேன், இரண்டு இறக்கையும் இணையாக, அத்தனை அழகாக இருந்தது. நாற்காலியைத் தள்ளிப் போட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பின்கால் ஜோடி 4 மில்லிமீட்டர் குட்டையாக இருந்தது. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி 11 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 2 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். அதாவது மேல் இறக்கையின் முன்விளிம்பு, பிளான் சொன்னதைவிட 2 டிகிரி கூடுதலாகத் தூக்கி நின்றது. டைகர் மாத்தில் மேல் இறக்கை கீழ் இறக்கையைவிட முன்னால் தள்ளி இருக்கும். முன்னால் இருக்கும் இறக்கை தேவைக்கு மேல் தூக்கினால், வேகம் கூடக் கூட மூக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும். அந்த 4 மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: பைபிளேனில் ரிப் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பறக்கும், ஃபிலிமில் சுருக்கம் இருந்தாலும் பறக்கும், ஆனால் வாலும் இரண்டு இறக்கைகளும் ஒன்றுக்கொன்று என்ன கோணத்தில் நிற்கின்றன என்பதில் தப்பு வந்தால் மற்ற எந்த உழைப்பும் காப்பாற்றாது.

ஃபிலிம் ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். அயர்ன் சூட்டை ஒரு கழிவுத் துண்டில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். இறக்கையின் மேல்பக்கத்தை மட்டும் முழுதாகச் சுருக்கி முடித்துவிட்டுக் கீழ்பக்கத்துக்கு வராதீர்கள், இழுப்பு ஒரு பக்கமாகி இறக்கை முறுக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒட்டியபின் மாற்றி மாற்றிச் சூடு காட்ட வேண்டும். முறுக்கம் வந்துவிட்டால் எதிர்ப்பக்கம் கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹீட் கன் காட்டி, ஆறும்வரை விடாமல் பிடித்தால் சரியாகும்.

மின்சாதனங்களில் எனக்குச் சிக்கல் வரவில்லை, ஆனாலும் இரண்டு விஷயம். இறக்கையின் பின்விளிம்பில் அசைந்து விமானத்தைச் சாய்க்கிற பலகைதான் ஏலரான், அதன் திசையை ஒவ்வொரு முறையும் பறக்கும் முன் பாருங்கள்: ரேடியோவின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் ஏலரான் மேலே எழ வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டுக் கிளம்பி முதல் திருப்பத்திலேயே விமானத்தை இழந்தவர்கள் அனுபவசாலிகளிலும் உண்டு. இரண்டாவது, டைகர் மாத்தில் ஏலரான் கீழ் இறக்கையில் மட்டும்தான். கீழே இறங்கும் ஏலரான் காற்றை அதிகமாக இழுத்து மூக்கை எதிர்த்திசைக்குத் திருப்பும். நிஜ விமானத்திலேயே இதற்காக இறங்கும் பக்கம் மிகக் குறைவாக அசையும்படி வைத்திருக்கிறார்கள். நான் மேலே 18, கீழே 6 மில்லிமீட்டர் வைத்தேன். அதோடு திரும்பும்போதெல்லாம், மூக்கை இடமும் வலமும் திருப்புகிற வால் பலகையான ரடரும் சேர்த்துக் கொடுக்கக் கை பழக வேண்டும்.

அப்புறம் எடை மையம். பிளானில், மேல் இறக்கையின் நடுப்பகுதி முன்விளிம்பிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் பின்னால் என்று தெளிவாகக் குறித்திருந்தார்கள். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக, மூக்கு ஒரு பொட்டு தாழ்ந்து நிற்க வேண்டும். டைகர் மாத்தின் பெட்ரோல் டேங்க் மேல் இறக்கையின் நடுப்பகுதியில் இருக்கிறது, மாடலிலும் அது கீழே புடைத்துக்கொண்டிருக்கும். விரல் வைக்க வசதியாக இல்லை என்று மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி, அதே அளவை அங்கே குறித்துக்கொண்டு தூக்கினேன். இறக்கை நேர்கோட்டில் இருந்தால் இதில் தப்பே இல்லை. ஆனால் இந்த விமானத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தவை. முன் இருக்கையில் இருப்பவர் பாரசூட்டோடு வெளியேற வழி வேண்டும் என்று மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் நகர்த்தினார்கள், அதனால் முன்னால் போன தூக்குவிசையைத் திரும்பப் பின்னால் கொண்டுவர இறக்கைகளைச் சாய்த்தார்கள். இந்தக் கதையை நான் எப்போதோ படித்து ரசித்திருக்கிறேன். விரலை வைக்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. 15 சென்டிமீட்டர் தள்ளியதில் முன்விளிம்பு சுமார் 15 மில்லிமீட்டர் பின்னால் போயிருந்தது. என் எடை மையமும் அத்தனை பின்னால். 22 சென்டிமீட்டர் அகல இறக்கைக்கு அது பெரிய தப்பு.

முதல் நாள். அதிகாலை, புல்வெளி, காற்று இல்லை. மாடல் பறக்கவிடும் நான்கைந்து பேர் வந்திருந்தார்கள், யாரும் எனக்கு அதிகம் பழக்கமில்லை. மோட்டார் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை மெதுவாகத் தள்ளினேன், வால் தூக்கியது, இடப்பக்கம் இழுத்தது, வலது ரடர் கொடுத்ததும் நேரானது. பின்னால் சூரியன், மஞ்சள் இறக்கைக்குள் ரிப்புகளின் நிழல் வரிசையாகத் தெரிந்தது. தரையை விட்டது. ஒரு நொடி, இரண்டு நொடி சந்தோஷம். மூக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. மூக்கை ஏற்றி இறக்குகிற வால் பலகையான எலிவேட்டரைக் கீழே அழுத்தினேன், முழுதாக அழுத்தினேன், அப்போதும் ஏறியது. பயத்தில் த்ராட்டிலை முழுக்க மூடிவிட்டேன். கம்பியும் தாங்கு கால்களும் இரண்டு இறக்கையுமாகக் காற்றை அவ்வளவு எதிர்க்கிற விமானம் மோட்டார் நின்றதும் பிரேக் பிடித்தது மாதிரி நின்றுவிடும். இடது இறக்கை சரிந்தது, அரைச் சுற்றுச் சுழன்றது, மூக்கு முதலில் தரையில் இறங்கியது. சத்தம் சின்னதாகத்தான் கேட்டது, தீப்பெட்டியை மிதித்த மாதிரி. நான் ரேடியோவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். கால் நகரவில்லை.

எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தது. அங்கிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதலில் பேட்டரியைக் கழற்றித் தூரமாக வைக்கச் சொன்னார். அடிபட்ட லித்தியம் பேட்டரி உடனே தீப்பிடிக்காவிட்டாலும் கொஞ்ச நேரம் கழித்துப் பிடிக்கலாம். அப்புறம், "தம்பி, ஒரு குச்சி விடாம பொறுக்கிப் பையில போடுங்க. வீட்டுக்குப் போய் உடனே பிரிக்காதீங்க, மனசு ஆறினதும் பிரிச்சு அளங்க. ஏன் விழுந்துச்சுங்கிறது அந்தப் பைக்குள்ளதான் இருக்கு" என்றார். சமாதானமாக வேறு எதுவும் அவர் சொல்லவில்லை, அதுவே எனக்கு நல்லதாக இருந்தது.

மூன்று வாரம் பையைத் திறக்கவில்லை. அந்த அறைக்குள் போவதையே தவிர்த்தேன். 14 மாதத்தில் நான் போகாமல் விட்ட இடங்கள், பேசாமல் விட்ட ஆட்கள், வீட்டில் என் பங்கு வேலையையும் இன்னொருவர் செய்த இரவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. அது பண இழப்பைவிடக் கனமாக இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். மோட்டார் தண்டு வளைந்திருந்தது, மோட்டாரைத் தாங்கும் பிளைவுட் பிய்ந்திருந்தது, மேல் இறக்கை நடுப்பகுதிக்கு வெளியே இரண்டு பக்கமும் முறிந்திருந்தது, கீழ் இடது இறக்கை துண்டு துண்டு. வால் அப்படியே இருந்தது. கபேன் கம்பிகளும் அவற்றின் மேல் நடுப்பகுதியும்கூட வளையாமல் முழுதாக இருந்தன. உடலை ரசமட்டம் வைத்து நிறுத்தி, ஒரு நேர்க்குச்சியை நடுப்பகுதியின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் பொருத்தி, அதன் மேல் கைப்பேசியின் கோணமானியை வைத்தேன். 2.1 டிகிரி கூடுதல். சந்தேகத்தில் மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் அதே எண். எடை மையத் தப்பு அதற்கடுத்த வாரம், பிளானை விரித்து வைத்து ஸ்கேலால் அளந்தபோது தெரிந்தது.

மறுபடி கட்ட மூன்றரை மாதம் ஆனது, உடலும் வாலும் மிஞ்சியதால் அவ்வளவோடு போயிற்று. இந்த முறை வரிசையை மாற்றினேன். முதலில் உடலை மேசையில் மட்டமாக நிறுத்தி, வாலின் கிடைத்தகட்டைப் பூஜ்யத்தில் வைத்து அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டேன். கீழ் இறக்கை பிளான் சொன்ன கோணத்தில் நிற்கிறதா என்று இடமும் வலமும் அளந்தேன். பிறகு பிளைவுட்டில் இரண்டு தாங்கு பலகைகள் வெட்டி, மேல் இறக்கையைக் கபேன் இல்லாமலேயே அதற்குரிய உயரத்திலும் கோணத்திலும் அவற்றின் மேல் உட்கார வைத்தேன். என் பிளானில் இரண்டு இறக்கைக்கும் ஒரே கோணம். இறக்கை சரியான இடத்தில் நின்றபின், அதற்குத் தகுந்த மாதிரி கம்பியை வளைத்துக் கொண்டுபோய்ப் பொருத்தி, அங்கேயே செப்புக் கம்பி சுற்றி, பக்கத்து மரத்துக்கு ஈரத் துணி போர்த்தி ஈயம் வைத்தேன். கம்பியை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, சூடு முழுதாக ஏறியபின் ஈயத்தைத் தொட்டால் அது தானாகவே சுருளுக்குள் இழுத்துக்கொள்ளும். உருண்டையாக மேலே நின்றால் ஒட்டவில்லை என்று அர்த்தம். நான் மூன்று மூட்டுகளை உருக்கி மறுபடி வைத்தேன். எடை மையத்துக்கு நடுப்பகுதியின் அடியில் டேங்கை ஒட்டி இரண்டு சின்னப் பிளைவுட் முளைகளை நிரந்தரமாகவே ஒட்டிவிட்டேன், விரல் இனி வேறெங்கும் போகாது. ஈயம் வைக்கும் முன் பேட்டரியை மூக்கோடு ஒட்டித் தள்ளினேன், எலிவேட்டர், ரடர் சர்வோக்களை முன்னால் நகர்த்தினேன், வாலில் எபாக்சி வழிந்த இடங்களைத் தேய்த்து எடுத்தேன். அப்படியும் 120 கிராம் ஈயம் தேவைப்பட்டது. வைத்தேன்.

அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். கிளம்பியதும் மூக்கு கட்டுக்கடங்காமல் ஏறினால் த்ராட்டிலை மூடாமல், பாதியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்த்துவிட வேண்டும். சாய்ந்த திருப்பத்தில் மூக்கு பக்கவாட்டில் இறங்கும், வேகம் போகாது. அந்த நிலையிலேயே வட்டமாகச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கப் பார்க்கலாம். இதை நுரை மாடலில் வேண்டுமென்றே எடை மையத்தைக் கொஞ்சம் பின்னால் வைத்து, உயரத்தில் பத்துப் பதினைந்து முறை பழகிக்கொண்டேன்.

இரண்டாவது முறையும் அதே புல்வெளி, அதே அதிகாலை. அவர் என் இடப்பக்கம் நின்றார். வால் தூக்கியது, வலது ரடர், தரையை விட்டது, மூக்கு அங்கேயே நின்றது. எலிவேட்டரின் நடுநிலையைச் சற்றே மாற்றும் ட்ரிம் இரண்டு கிளிக் கீழே, அவ்வளவுதான் கேட்டது. முதல் திருப்பத்தில் ரடரும் ஏலரானும் சேர்த்துக் கொடுத்தபோது இரண்டு இறக்கையும் ஒன்றாகச் சாய்ந்து திரும்பியதைப் பார்த்ததும் எனக்குக் கண் மங்கிவிட்டது. அவரிடம் ரேடியோவைக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். "ஓட்டுங்க, நல்லாத்தான் போகுது" என்றார். நான்கு நிமிடம் ஓட்டினேன். இறங்கும்போது த்ராட்டிலைக் கால்வாசியில் வைத்தபடியே, சக்கரம் புல்லைத் தொடும்வரை குறைக்காமல் கொண்டுவந்தேன். ஓடி நின்றபின்னும் எலிவேட்டரை மேலே இழுத்தே பிடித்திருந்தேன், மூக்கு குத்தவில்லை. போய்ப் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு முதலில் பார்த்தது கபேனின் பின்கால்களைத்தான். செப்புச் சுருளில் ஈயம் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது.